அப்டேட் போட்டாச்சு, பழையபடி மாற்ற முடியுமா?

கேள்வி: சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு வாங்கிய ஆண்ட்ராய்டு போன். அளவு, டிசைன் படம், ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. பணம் வருவதும் போனில்தான். போன வாரம் பெரிய அப்டேட் ஒன்று வந்தது. ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தேன். மறுநாளிலிருந்து சார்ஜ் மதியம்வரைகூட நிற்பதில்லை. தமிழ் கீபோர்டு திறக்கவே நேரம் ஆகிறது, டைப் செய்யும்போது நடுவில் நின்றுவிடுகிறது. ஃபேக்டரி ரீசெட் செய்தால் பழைய ஆண்ட்ராய்டு வந்துவிடும் என்கிறான் என் மகன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து மொபைல் கடையில் 800 ரூபாய்க்குப் பழைய சாஃப்ட்வேர் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். எதைச் செய்வது? என் தங்கை மகனும் ஐபோனில் புது வெர்ஷனைப் போட்டுவிட்டுப் பழையதே தேவலை என்று புலம்புகிறான். அதற்காவது வழி உண்டா?
— வாசகி, தென்காசி

பதில்: ரீசெட்டும் வேண்டாம், கடைக்கும் இப்போது போக வேண்டாம். இரண்டில் எதைச் செய்தாலும் முதலில் அழிவது உங்கள் ஆர்டர்களும் அளவுக் குறிப்புகளும்தான். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகன் சொல்வதைப் பலரும் நம்புகிறார்கள். போனின் நினைவகத்தில் ஆண்ட்ராய்டு சிஸ்டம் ஒரு பகுதியில் இருக்கிறது. நீங்கள் சேர்த்த ஆப், படம், மெசேஜ் எல்லாம் வேறொரு பகுதியில் இருக்கின்றன. ஃபேக்டரி ரீசெட் இந்த இரண்டாவது பகுதியை மட்டும்தான் அழிக்கும். வாடகை வீட்டில் சாமான்களை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டுப் பெருக்கித் துடைத்தால் வீடு காலியாகும், சுவர் அப்படியே இருக்கும் அல்லவா? அதே கதைதான். ரீசெட் முடிந்து போன் திறக்கும்போது அதே புது ஆண்ட்ராய்டு வெறுமையாக வந்து நிற்கும். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு நினைவில்லை என்றால் இன்னும் சிக்கல். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1-இலிருந்து, ரெக்கவரி மெனு வழியாக ரீசெட் ஆன போன் பழைய கணக்கைக் கேட்காமல் திறக்காது.

பழைய சிஸ்டம் போனுக்குள்ளேயே எங்காவது ஒளிந்திருக்காதா என்று கேட்பவர்களும் உண்டு. ஓரளவு இருந்தது. 2016-இல் ஆண்ட்ராய்டு 7 வந்ததிலிருந்து, சிஸ்டத்துக்கு இரண்டு இடம் ஒதுக்கும் முறை வந்தது. அந்த முறை உள்ள போன்களில், நீங்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே அப்டேட் இரண்டாவது இடத்தில் ஏறும். ரீஸ்டார்ட் செய்யும்போது புதியது திறக்காவிட்டால் போன் தானாகவே பழையதற்குப் போய்விடும். ஆனால் அது போன் செத்துப்போகாமல் காப்பதற்கான ஏற்பாடு. புதியது ஒழுங்காகத் திறந்துவிட்டால் அந்த வழி மூடிவிடும். மெதுவாக ஓடுகிறது, எனக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் அந்த ஏற்பாட்டுக்குத் தெரியாது.

ஏன் இப்படி அடைத்து வைத்திருக்கிறார்கள்? காரணம் நியாயமானதுதான். 2015 ஆகஸ்டிலிருந்து கூகுள் மாதந்தோறும் ஆண்ட்ராய்டில் கண்டுபிடித்த பாதுகாப்பு ஓட்டைகளைப் பட்டியல் போட்டு வெளியிடுகிறது. பட்டியல் வந்ததும் ஓட்டை எங்கே இருக்கிறது என்று திருடனுக்கும் தெரிந்துவிடும். உங்கள் போனைத் திருடியவன் அதில் ஒரு வருடத்துக்கு முந்தைய சிஸ்டத்தை ஏற்ற முடிந்தால், அடைத்த ஓட்டைகள் எல்லாம் மறுபடி திறந்துகொள்ளும். அதைத் தடுக்கத்தான் 2017-இல் ஆண்ட்ராய்டு 8-உடன் ரோல்பேக் (பழையதற்குத் திரும்புதல்) தடுப்பு வந்தது. போன் தனக்குள் ஓர் எண்ணைப் பத்திரமாக எழுதி வைத்திருக்கும். அந்த எண்ணைவிடப் பழைய சிஸ்டத்தை ஏற்றினால் திறக்க மறுத்துவிடும். பணப் பரிவர்த்தனை முழுவதும் போனுக்குள் வந்துவிட்ட காலத்தில் இந்தத் தடுப்பு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் திருடனைத் தடுக்கும் அதே பூட்டு, காசு கொடுத்து வாங்கியவரையும் தடுக்கிறது. அவருக்கு மாற்றுவழி எதுவும் தரப்படுவதில்லை. என் கோபம் அங்கேதான்.

நீங்கள் எந்தக் கம்பெனி போன் என்று எழுதவில்லை. திரும்ப முடியுமா என்பது அதைப் பொறுத்து மாறும். சாம்சங் என்றால், பேஸ்பேண்ட் வெர்ஷன் என்ற நீண்ட குறியீட்டை செட்டிங்ஸில் பாருங்கள். கடைசியிலிருந்து எண்ணி ஐந்தாவது இடத்தில் இருப்பதுதான், போனைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் என்ற மென்பொருளின் எண். பழைய சாஃப்ட்வேரிலும் அதே எண் இருந்தால், ஓடின் என்ற கம்ப்யூட்டர் மென்பொருள் மூலம் கம்பெனியின் ஒரிஜினல் ஃபைலையே ஏற்றித் திரும்பிவிடலாம். பெரும்பாலும் டேட்டா முழுவதும் அழியும். புதியதில் எண் ஒன்று கூடியிருந்தால் கதை முடிந்தது, போன் ஏற்றுக்கொள்ளாது. ஒரிஜினல் அல்லாத ஃபைலை ஏற்றினால், நாக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டில் ஒரு குறி விழுந்துவிடும். அதை எந்தக் கடைக்காரராலும் அழிக்க முடியாது. படங்களைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் அதன்பின் அந்த போனில் வேலை செய்யாது.

ஷாவ்மி, ரெட்மி போன்களில் ஆபத்து இன்னும் அதிகம். 2018-இல் ரெட்மி நோட் 5 ப்ரோ போன்ற மாடல்களில் ரோல்பேக் தடுப்பு வந்தபோது, அது தெரியாமல் பழைய மியூஐ (ஷாவ்மியின் ஆண்ட்ராய்டு வடிவம்) ஏற்றியவர்களின் போன்கள் அப்படியே டெட் ஆயின. உயிர்ப்பிக்கக் கம்பெனியின் அனுமதி பெற்ற கணக்கு தேவைப்பட்டது. வன்பிளஸும் ரியல்மீயும் சில மாடல்களுக்குத் தாங்களே ரோல்பேக் பேக்கேஜ் வெளியிட்டதுண்டு. அப்படி ஒன்று உங்கள் மாடலுக்கு இருந்தால் அதுதான் உத்தமம். பிக்சல் போன்களுக்கு கூகுள் பழைய சிஸ்டம் ஃபைல்களைத் தானே வெளியிடுகிறது, ஆனால் அங்கும் கதவு மூடுவதுண்டு. 2022 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது பிக்சல் 6, 6 ப்ரோ, 6ஏ மூன்றிலும் ஆண்ட்ராய்டு 12-க்குத் திரும்பும் வழி அடைபட்டது.

இனி அந்த 800 ரூபாய் விஷயம். மொபைல் கடைத் தம்பிகளில் கைத்திறன் உள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் பூட்லோடரைத் திறந்துதான் பழையதை ஏற்ற வேண்டும் என்று சொன்னால் உடனே போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பூட்லோடர் திறந்திருக்கும் போனை, ஆப்கள் கூகுளின் சோதனை வழியாகக் கண்டுபிடித்துவிடும். பல வங்கி ஆப்கள் அதன்பின் திறக்கவே மாட்டா. பணம் போனில் வரும் உங்களுக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் வேறில்லை. உங்கள் மாடலுக்குப் பொருந்தாத ஃபைலை ஏற்றினால் ஐஎம்இஐ எண் காணாமல் போய், சிம் போட்டும் சிக்னல் கிடைக்காத நிலை வரலாம். இன்னொன்று, திறந்த போனையும் லாக் நம்பரையும் ஒரு நாள் முழுக்கக் கடையில் விட்டுவிட்டு வருவது. உங்கள் வாடிக்கையாளர்கள் நம்பி அனுப்பிய படங்கள் அதில் இருக்கின்றன.

தங்கை மகனுக்கு நேரம்தான் முக்கியம். ஐபோனில் எந்த ஐஓஎஸ் வெர்ஷனை ஏற்றினாலும், அந்த போனுக்கே உரிய சிப் எண்ணையும் அந்த நேரத்துக்கு மட்டும் உருவாகும் ஓர் எண்ணையும் சேர்த்து ஆப்பிளின் சர்வருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். புது வெர்ஷன் வந்தபின் முந்தையதற்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்கள் மட்டுமே ஆப்பிள் அந்த ஒப்புதலைத் தருகிறது. அது நின்றபின் உலகில் யாராலும் சாதாரண வழியில் திரும்ப முடியாது. திறந்திருக்கும் நாளில் கம்ப்யூட்டரில் கேபிள் போட்டு ரீஸ்டோர் செய்யலாம். ஆனால் போன் முழுவதும் அழிந்துதான் பழையது வரும். இங்கேதான் பலர் அடிபடுகிறார்கள்: புது ஐஓஎஸ்ஸில் எடுத்த பேக்கப்பைப் பழைய ஐஓஎஸ் ஏற்காது. அப்டேட்டுக்கு முன்னால் எடுத்த பேக்கப் இருந்தால்தான் முழுமையாகத் திரும்பலாம். ஐகிளவுடில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட போட்டோ, கான்டாக்ட் ஆகியவை தப்பிக்கும். அவனிடம் பழைய பேக்கப் இல்லை என்றால், அடுத்து வரும் சிறு அப்டேட்டுக்காகக் காத்திருக்கச் சொல்லுங்கள். முதல் வெர்ஷனில் உள்ள பிழைகளில் பலவும் அதில் சரியாகும்.

கம்பெனி மனசு வைத்தால் திரும்புவது நடக்கும் என்பதற்கும் ஆப்பிளே சாட்சி. 2014 செப்டம்பர் 24 அன்று வெளியான ஐஓஎஸ் 8.0.1, ஐபோன் 6-லும் 6 பிளஸ்ஸிலும் சிக்னலையும் விரல்ரேகையையும் முடக்கிவிட்டது. சுமார் ஒரு மணி நேரத்தில் அதை வாபஸ் வாங்கிய ஆப்பிள், கம்ப்யூட்டர் வழியாக ஐஓஎஸ் 8-க்குத் திரும்பச் சொல்லித் தானே வழிமுறை கொடுத்தது. மறுநாளே 8.0.2 வந்தது. பாதிக்கப்பட்ட போன்கள் 40,000-க்கும் குறைவு என்று அந்நிறுவனம் சொன்னது.

இப்போது உங்கள் போனுக்கு வருவோம். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு போன் சில நாட்கள் உள்ளுக்குள் வேலை செய்துகொண்டே இருக்கும். ஆப்களைப் புது சிஸ்டத்துக்கு ஏற்பத் தயார் செய்யும், உங்கள் டிசைன் படங்களை எல்லாம் மறுபடி அலசி வரிசைப்படுத்தும். அப்போது சூடாகும், சார்ஜ் குடிக்கும். ஒரு வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். இனியும் குறையவில்லை என்றால் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய் எந்த ஆப் அதிகம் தின்கிறது என்று பாருங்கள். ஒரே ஓர் ஆப் முதலிடத்தில் நின்றால், பிளே ஸ்டோரில் அதற்கு அப்டேட் வந்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள். வாட்ஸ்அப்பை மட்டும் பேக்கப் எடுக்காமல் நீக்கிவிடாதீர்கள்.

கீபோர்டு தொல்லைக்கும் ஆண்ட்ராய்டை மாற்ற வேண்டியதில்லை. போனோடு வந்த கீபோர்டு என்றால், செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதியில் அதைத் திறந்து கேஷை அழியுங்கள். போகவில்லை என்றால் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ கொடுங்கள். அந்த ஆப் மட்டும் பழைய நிலைக்குப் போகும், வேறெதுவும் கெடாது. ஆண்ட்ராய்டில் சாதாரண ஆளின் கையில் உள்ள ரோல்பேக் இது ஒன்றுதான். 2021 மார்ச்சில் உலகம் முழுக்க ஆண்ட்ராய்டு போன்களில் ஆப்கள் திறந்தவுடனே மூடிக்கொண்டன. ஜிமெயில்கூடத் தப்பவில்லை. போனே போய்விட்டது என்று ரீசெட் செய்து எல்லாவற்றையும் இழந்தவர்கள் உண்டு. குற்றவாளி வெப்வியூ என்ற ஒரே ஒரு சிஸ்டம் ஆப். அதன் அப்டேட்டை நீக்கியவர்களுக்குச் சில நிமிடங்களில் சரியானது.

இதையெல்லாம் செய்தும் மதியத்தில் சார்ஜ் தீர்ந்தால், பழி பேட்டரி மேல் இருக்கலாம். தினம் சார்ஜ் ஏறும் பேட்டரி இரண்டு வருடத்தில் கணிசமாகத் தேய்ந்திருக்கும். புது சிஸ்டத்தின் கூடுதல் வேலை அந்தத் தேய்மானத்தை வெளிக்காட்டும். அப்படியானால் பழைய ஆண்ட்ராய்டு ஏற்றினாலும் தீராது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரியைச் சோதித்து, மாற்ற என்ன ஆகும் என்று கேளுங்கள். அப்டேட்டுக்குப் பின் திரையில் பச்சைக் கோடு விழுந்ததாக எழுதும் வாசகர்களுக்கும் இதே பதில்தான். அது திரையின் கோளாறு, ரோல்பேக் செய்தாலும் கோடு மறையாது.

எந்த முடிவு எடுத்தாலும் முதலில் பேக்கப். வாட்ஸ்அப்பில் சாட் பேக்கப் கொடுக்கும்போது, கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபிக்குள்தான் அதுவும் அடங்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். டிசைன் படங்கள் அதிகம் என்றால் ஒரு பென் டிரைவிலோ கம்ப்யூட்டரிலோ தனியாக நகல் வையுங்கள். போன் அழிந்தால் யுபிஐ ஆப்பில் அதே சிம்மைக் கொண்டு மறுபடி பதிவு செய்ய வேண்டியிருக்கும். அந்த சிம்மில் எஸ்எம்எஸ் போகும் அளவுக்கு ரீசார்ஜ் இருக்கட்டும்.

கடைசியாக, நம் உரிமை. 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. கேலக்ஸி நோட் 4, ஐபோன் 6 வைத்திருந்தவர்களைத் தொடர்ந்து வற்புறுத்தி, அந்த போன்கள் தாங்காத அப்டேட்டைப் போட வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. போதிய தகவல் தரவில்லை, போன் பழையபடி இயங்க வழியும் தரவில்லை என்பதை ஆணையம் தன் முடிவில் எடுத்துச் சொன்னது. நாமும் கேட்க வேண்டியது இதைத்தான்: அப்டேட் போட்டபின் குறைந்தது ஒரு மாதமாவது, டேட்டா அழியாமல் திரும்பும் வழியைக் கம்பெனியே தர வேண்டும். பாதுகாப்பு ஓட்டை என்று காரணம் சொன்னால், பழைய வெர்ஷனுக்கு அந்த ஓட்டையை மட்டும் அடைத்துத் தரட்டும்.

சர்வீஸ் சென்டரில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். அப்டேட் போட்ட தேதி, வெர்ஷன் எண், அதற்குப் பின் வந்த கோளாறு மூன்றையும் எழுதிக் கொடுத்து, ஜாப் ஷீட் வாங்குங்கள். அவர்கள் கைவிரித்தால் அந்த ஜாப் ஷீட்டை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். கட்டணம் கிடையாது.