பிரஷர் மாத்திரை போட்டால் உடம்பு ஊதிவிடுமா?

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் வரை அடிக்கடி காதில் விழும் பேச்சு: “பி.பி. மாத்திரை போட்டா உடம்பு ஊதிடும்.” இதை நம்பி, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த வாரம் இதை எடுத்துக்கொண்டேன்.

நம்பிக்கை: எல்லா பி.பி. மாத்திரையும் எடையைக் கூட்டும்.

உண்மை: எனலாபிரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை எடையைக் கூட்டுவதில்லை. அடினலால், மெட்டோபுரோலால் போன்ற பீட்டா தடுப்பான்கள் கொஞ்சம் கூட்டலாம். இவை இதயத் துடிப்பை மெதுவாக்குகின்றன. உடல் எரிக்கும் சக்தியும் சற்றுக் குறைகிறது. சிலருக்கு அசதியால் நடமாட்டமும் குறைகிறது. எவ்வளவு கூடும்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2001-ல் வெளியான கட்டுரை ஒன்று, சுமார் 1.2 கிலோ என்றது. அதுவும் பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான். பத்து கிலோ ஏறியிருந்தால் பழியை மாத்திரை மேல் மட்டும் போட முடியாது. கார்வெடிலால், நெபிவலால் போன்றவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

நம்பிக்கை: அம்லோடிபின் போட்டதும் கால் பருத்துவிட்டது, சதை போட்டுவிட்டது.

உண்மை: அது சதை இல்லை, நீர். அம்லோடிபின் சிறு தமனிகளை விரிக்கிறது. சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. இடையிலுள்ள நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் கசிந்து கணுக்காலில் தேங்குகிறது. கட்டைவிரலால் அழுத்தினால் பெரும்பாலும் குழி விழும். சாயங்காலம் அதிகமாகத் தெரியும். 5 மில்லிகிராமைவிட 10 மில்லிகிராமில் வீக்கம் கூடுதல். நீர் மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. மருத்துவர் அளவைக் குறைப்பார், அல்லது டெல்மிசார்டன் போன்ற ஒன்றைச் சேர்ப்பார். அதற்கு முன் இதயமும் சிறுநீரகமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதும் அவசியம்.

நம்ம ஊர்ச் சாப்பாட்டையும் சொல்லியாக வேண்டும். முடசலோடையிலும் பரங்கிப்பேட்டையிலும் காயும் கருவாட்டை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே இலையில் சேர்ந்தால் அந்த அளவு சுலபமாகத் தாண்டிவிடும். உப்பு உடலில் நீரைப் பிடித்துவைத்து ரத்த அழுத்தத்தையும் ஏற்றும்.

நம்பிக்கை: நீர் மாத்திரை போட்டால் இளைக்கலாம்.

உண்மை: வெளியேறுவது நீர். கொழுப்பு அப்படியே இருக்கும்.

மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் எனக்குப் பெரிய கவலை. பீட்டா தடுப்பானைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலி, சிலருக்கு மாரடைப்புகூட வரலாம். எடை உறுத்தினால் மாத்திரை அட்டையோடு போய்க் கேளுங்கள்: கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில், அல்லது பலர் இன்றும் ராஜா முத்தையா என்றே சொல்லும் அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குகிறவர்கள், கொண்டுவரும் தன்னார்வலரிடம் சொல்லுங்கள்.

ஆனால் இரண்டு மூன்று நாளிலேயே 2 கிலோ ஏறி, படுத்தால் மூச்சு முட்டினால், காத்திருக்க வேண்டாம். அது இதயம் தளர்வதன் அடையாளமாக இருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.