தவிட்டிலிருந்து உதட்டுக்கு

நம்பிக்கை: கழிவில் செய்த அழகுப்பொருள் மட்டமானது.

கள்ளக்குறிச்சிப் பக்கத்து அரிசி ஆலைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். உமி கொதிகலனுக்கு எரிபொருள்; அந்த ஆவியில்தான் அடுத்த நெல் அவிகிறது. (மிஞ்சும் சாம்பல்தான் இன்னும் தலைவலி.) தவிடு எண்ணெய் ஆலைக்கு. அரைத்த கொஞ்ச நேரத்திலேயே தவிட்டில் சிக்கு வாடை ஏறத் தொடங்கும். ஒன்று, உடனே சூடேற்றி அதை அடக்க வேண்டும். இல்லையென்றால் சட்டென்று எண்ணெய் எடுத்துவிட வேண்டும். கழிவுதானே என்று அசட்டையாக விட்டால் நிஜமாகவே கழிவாகிவிடும். எண்ணெயைச் சுத்திகரிக்கையில் பிரியும் மெழுகு லிப்ஸ்டிக்கைக் குச்சியாக நிற்க வைக்கிறது. தேன்மெழுகு வேண்டாம் என்பவர்கள் இதைத் தேடி வாங்குகிறார்கள். அமிலம் நீக்கும்போது ஒதுங்கும் சோப்புக் கசடில் ஒரைசனால் என்ற பொருள் இருக்கிறது. அது சன்ஸ்கிரீனுக்குப் போகிறது. எண்ணெய் போன தவிடு மாட்டுக்கு. முகத்தில் பூசும் கிளிசரினும் சோப்பு ஆலைக் கழிவுநீரிலிருந்து 19ஆம் நூற்றாண்டிலேயே மீட்டெடுக்கப்பட்டதுதான். அதை மட்டம் என்று யாரும் சொல்லவில்லை.

நம்பிக்கை: மூலிகை என்றாலே சுழற்சிப் பொருளாதாரம் (எதையும் வீணாக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது).

கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கி விற்பது மலையாளிப் பழங்குடியினருக்கு ஒரு வருமானம். மரம் நின்றால் அடுத்த வருஷமும் காய் உண்டு. கிளையை ஒடித்துப் பறித்தால் இல்லை. லேபிளில் உள்ள ‘ஹெர்பல்’ இதைச் சொல்லாது. தோலைப் பொடித்தபின் கொட்டை எங்கே போகிறது, சாறெடுத்த சக்கை எங்கே போகிறது என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான் பதில்.

நம்பிக்கை: கரும்பு பிளாஸ்டிக் மக்கிவிடும்.

மக்காது. பிரேசிலின் பிராஸ்கெம் நிறுவனம் 2010 முதல் கரும்பு எத்தனாலில் பாலிஎத்திலீன் தயாரிக்கிறது. கிரீம் டியூபுகளும் அதில் வருகின்றன. பெட்ரோலியத்தில் செய்ததும் இதுவும் ஒரே பொருள். எண்ணெய்க் கிணற்றுக்குப் பதில் வயலிலிருந்து கார்பன் வருகிறது என்பது நல்ல விஷயம், மறுசுழற்சிக்கும் எடுத்துக்கொள்வார்கள். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளுக்குக் கரும்பு வெட்டிப் போடுகிற ஊரில், கரும்புச் சக்கை மக்குவதைப் பார்த்த கண்ணோடு இந்த டியூபைக் குப்பைக்குழியில் போட்டால் ஏமாற்றம்தான்.

நம்பிக்கை: சின்ன பாக்கெட், சின்ன குப்பை.

ஷாம்பு சாஷேவின் பிறந்த வீடு பக்கத்துக் கடலூர். அங்கே சின்னி கிருஷ்ணன் அதைத் தொடங்கினார். 1983இல் தனித்தொழில் ஆரம்பித்த மகன் சி.கே. ரங்கநாதன், சிக் ஷாம்பு வழியாக அதைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். பாட்டில் வாங்க வழியில்லாதவருக்கும் தலைக்குளியல் கிடைத்தது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்தச் சாஷேவில் இரண்டு மூன்று படலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. பிரிக்கும் செலவு பிளாஸ்டிக்கின் விலையைவிட அதிகம். 2022இல் வந்த பிளாஸ்டிக் கழிவு விதிகள் உறைக்கான பொறுப்பை உற்பத்தியாளர் தலையில் இன்னும் அழுத்தமாக வைத்தன. காலி பாட்டிலைக் காயலான் கடைக்காரர் எடைக்கு எடுப்பார். கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் கிழித்தெறிந்த சாஷேவுக்காக அவர் மலை ஏறமாட்டார். ஒரு கிலோ சேர எத்தனை நூறு தலைகள் குளிக்க வேண்டும்!