பழங்காசு தேடுவோர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

2014இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், மிடில்டவுன் என்ற ஊரின் பழத்தோட்டம் ஒன்றில், மெட்டல் டிடெக்டரோடு தேடிக்கொண்டிருந்த ஜிம் பெய்லிக்கு ஒரு சிறிய வெள்ளிக்காசு கிடைத்தது. அதில் இருந்தது அரபி எழுத்து. 1693இல் ஏமனில் அடித்த காசு அது. 1695இல் ஹென்றி எவரி என்ற கடற்கொள்ளையன், மெக்காவிலிருந்து சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஔரங்கசீப்பின் 'கஞ்ச்-இ-சவாய்' கப்பலைச் சூறையாடினான். அந்தக் கொள்ளையர்களோடு கடல் தாண்டி வந்த காசு இது என்பது பெய்லியின் வாதம். அந்த வாதத்தைத் தாங்கி நிற்பது காசு கிடைத்த இடம்தான். இதே காசு ஒரு வியாபாரியின் தட்டில் கிடந்திருந்தால், ஏதோ ஓர் அரபுக் காசு என்று விலை பேசி முடித்திருப்பார்கள்.

மாசசூசெட்ஸ், கனெக்டிகட், நியூ ஜெர்சி பக்கம் குடியிருக்கும் தமிழர் யாருக்கேனும் இந்தத் தேடலில் ஆசை வந்தால், டிடெக்டர் வாங்கும் முன் இவற்றைப் படித்துவிட்டுப் போகட்டும்.

செய்ய வேண்டியவை

முதலில் நிலத்துக்காரரிடம் அனுமதி கேளுங்கள். வாய்ச்சொல் போதாது, எழுத்தில் வாங்குங்கள். கிடைப்பது யாருக்கு என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். ஒரு வெள்ளிக்காசு கையில் வந்தபிறகு அந்தப் பேச்சை எடுத்தால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

பழைய வரைபடங்களைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில், மாசசூசெட்ஸ், கனெக்டிகட் அடங்கிய நியூ இங்கிலாந்தில் விவசாயிகள் பலர் நிலத்தை விட்டுப் போனார்கள். வயல்கள் மறுபடி காடாயின. அந்தக் காட்டுக்குள் கல் அடுக்கிய வேலிச்சுவர்களும், இடிந்த வீடுகளின் நிலவறைக் குழிகளும் இன்றும் இருக்கின்றன. ஆளில்லாத காட்டின் நடுவே லைலாக் செடி பூத்திருந்தால், அங்கே ஒரு வீட்டு வாசல் இருந்திருக்கலாம். அத்தகைய இடத்தில் காலைப் பார்த்து வையுங்கள், மூடாத பழங்கிணறு இருக்கலாம். உண்ணிகளும் உண்டு; அவற்றின் கடியால் வரும் லைம் நோய்க்குப் பெயர் தந்ததே கனெக்டிகட்டில் உள்ள லைம் என்ற ஊர்தான். கால்சட்டையின் முனையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு போங்கள்.

இரும்பின் ஓசைக்கும் காது கொடுங்கள். புதிதாகத் தேட வருபவர்கள் இரும்பின் ஓசையைக் கருவியிலேயே அடக்கிவிட்டு, வெள்ளிக்குரிய கீச்சொலிக்காகக் காத்திருப்பார்கள். ஆனால் பழைய வீடு இருந்த இடத்தைக் காட்டிக்கொடுப்பது ஆணிதான். கொல்லன் அடித்த ஆணி என்றால் 18ஆம் நூற்றாண்டோ அதற்கு முந்தையதோ ஆகலாம். 1790களுக்குப் பிறகு இயந்திரத்தில் வெட்டிய ஆணி வந்தது. இன்று நாம் பார்க்கும் உருண்டைக் கம்பி ஆணி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. நடுத்தரமான ஓசைகளையும் விடக்கூடாது. பெரும்பாலும் அலுமினியக் குப்பைதான் வரும், ஆனால் ஈயக் குண்டும் பட்டனும் அதே ஓசையில்தான் பேசும்.

புல்தரையை மூன்று பக்கம் வெட்டி, நான்காம் பக்கத்தை ஒட்டியபடியே விட்டுக் கதவுபோலத் திருப்புங்கள். மண்ணைத் துணியில் கொட்டி, தேடி முடித்ததும் அப்படியே நிரப்பி மிதித்துவிடுங்கள். கோடை வறட்சியில் புல்தரையைத் தொடவே வேண்டாம், வெட்டிய இடம் காய்ந்துபோகும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது: காசைச் சட்டைப்பைக்குள் போடும் முன் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜி.பி.எஸ். அளவு, ஆழம், தேதி, பக்கத்தில் வேறு என்ன கிடைத்தது என்ற குறிப்பு, ஒரு படம். இந்தச் சில வரிக் குறிப்பு என்ன செய்யும் என்பதற்குச் சான்று மாசசூசெட்ஸின் மினிட் மேன் தேசிய வரலாற்றுப் பூங்காவில் இருக்கிறது. அமெரிக்கச் சுதந்திரப் போர் தொடங்கிய 1775 ஏப்ரல் 19 காலையில் லெக்சிங்டனில் எட்டுப் பேரைப் பறிகொடுத்த கேப்டன் ஜான் பார்க்கரின் படை, அன்று பிற்பகல் கான்கார்டிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களை மறைந்திருந்து தாக்கியது. எந்த இடத்தில் என்பது பல காலம் ஊகமாகவே இருந்தது. தொல்லியலாளர்கள் டிடெக்டர் ஆர்வலர்களையும் சேர்த்துக்கொண்டு முறையாகத் தேடி, கிடைத்த ஒவ்வொரு மஸ்கட் துப்பாக்கிக் குண்டையும் வரைபடத்தில் குறித்தார்கள். உருண்டை குலையாத குண்டு, கை தவறிக் கீழே விழுந்தது. அங்கே ஒருவன் நின்றிருந்தான். நசுங்கிய குண்டு, சுட்டுப் போய்த் தைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது யார் எங்கே நின்று யாரைச் சுட்டார்கள் என்பது தெளிந்தது. அதே குண்டுகளை ஒருவர் பொறுக்கிக் கண்ணாடி ஜாடியில் போட்டிருந்தால் அந்தப் பிற்பகல் நமக்குக் கிடைத்திருக்காது. இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய கவலை இதுதான்.

செய்யக்கூடாதவை

தேசியப் பூங்காவுக்குள் டிடெக்டரைக் கையில் எடுக்காதீர்கள். அங்கே அதை வைத்திருப்பதே குற்றம். மேலே சொன்ன தேடல் பூங்காவின் ஒப்புதலோடு நடந்தது. கூட்டரசு நிலத்தில் 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியின்றி எடுத்தால், 1979ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 10,000 டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் உண்டு. மாநில நிலத்துக்கு விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கேட்காமல் போகக்கூடாது.

ஏர் புரட்டிய மேல்மண்ணுக்குக் கீழே போகாதீர்கள். மேல்மண் பல தலைமுறை உழவில் கலைந்து கிடக்கும். அதற்குக் கீழே எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கலாம். ஒரே குழியில் பல பொருள்கள் அடுக்காக வந்தாலோ எலும்பு தென்பட்டாலோ மண்வெட்டியைக் கீழே வையுங்கள். பொருளானால் மாநிலத் தொல்லியலாளருக்குச் சொல்லுங்கள், எலும்பானால் முதலில் காவல்துறைக்கு. கல்லறைத் தோட்டங்கள் பக்கமே போக வேண்டாம்.

காசைத் தேய்க்காதீர்கள். புளி போட்டுக் குத்துவிளக்கு துலக்கிய கை நமக்குச் சும்மா இராது. ஆனால் 1787இல் அடித்த கனெக்டிகட் செப்புக்காசு ஒன்று இத்தனை காலம் மண்ணில் கிடந்திருந்தால், மேலே படிந்த பச்சையும் பழுப்புமான படலத்தில்தான் எழுத்தே நின்றிருக்கும். அதைச் சுரண்டினால் வெறும் வட்டத் தகடு மிஞ்சும். வெள்ளியை மட்டும் காய்ச்சி வடித்த நீரில் அலசி ஒற்றி எடுக்கலாம்.

இரும்புக் குண்டு பெரிதாக இருந்தால் தட்டவோ துளையிடவோ கூடாது. உள்ளே வெடிமருந்து இருக்கலாம். 2008இல் வர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர்க் காலத்துக் குண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர் அது வெடித்து இறந்தார்.

காசில் உள்ள ஆண்டை வைத்து முடிவுகட்டாதீர்கள். பாஸ்டனில் அடித்த 'பைன் மர' ஷில்லிங்குகள் பல ஆண்டுகள் கழித்து அடித்தவையானாலும் 1652 என்றே சொல்லும். ஸ்பானிய வெள்ளி 1857 வரை அமெரிக்காவில் சட்டப்படி செல்லுபடியானது. ஆகவே 1770களின் ஸ்பானியக் காசு 1840இலும் ஒருவர் பையிலிருந்து விழுந்திருக்கலாம்.

இந்தியாவுக்கு விடுமுறையில் வருவோருக்கும் ஒரு வார்த்தை. இங்கே 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். 100 ஆண்டு கடந்த காசைத் தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. பூர்வீக நிலம்தானே என்று தோண்டத் தொடங்காதீர்கள். டிடெக்டரை அமெரிக்காவிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.