தண்ணீரை நம்பும் முன்

தம்பி, முதல் கேமிங் கம்ப்யூட்டரை நீயே அசெம்பிள் செய்யப் போகிறாய். சீல் வைத்து வரும் ஏ.ஐ.ஓ. கூலர் போதுமா, டியூபும் பம்பும் தனித்தனியாக வாங்கி கஸ்டம் லூப் போடலாமா என்று கேட்கிறாய். கடை அலமாரியைப் பார்க்கும் முன் இதைக் கேள்.

1. முதலில் உன் அறையைப் பார். நம் திருப்பதியில் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். எந்த லிக்விட் கூலிங்கும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சி தராது. தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை. ரேடியேட்டர் வரை சுமந்துபோய் அறைக்குள்ளேயே கொட்டுகிறது. 500 வாட் இழுக்கும் மெஷின், எந்தக் கூலர் போட்டாலும் 500 வாட் ஹீட்டர்தான். ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிவிட்டு மற்றதை யோசி.

2. சூடு எங்கே பிறக்கிறது என்று விசாரி. கேம் ஓடும்போது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான் கொதிக்கிறது. ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுக்கு 450 வாட். ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசசருக்கு 120 வாட். கடையில் கிடைக்கும் ஏ.ஐ.ஓ.க்களில் பெரும்பாலானவை பிராசசரை மட்டுமே தொடும்; அந்த வேலையை நல்ல டவர் ஏர் கூலரே செய்துவிடும். 360 மி.மீ. ரேடியேட்டர் வாங்கிவிட்டு, கார்டு சூடு குறையவில்லை என்று வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். முழங்கால் வலிக்கு முதுகில் தைலம் தேய்த்த கதை.

3. உன் சுபாவத்தை ஒளிக்காமல் எடை போடு. கஸ்டம் லூப்பில் ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆனால் கூலன்ட் மாற்ற வேண்டும், சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் பிளாக்கைக் கழற்றிக் கழுவ வேண்டும். பால்போல் வெள்ளைக் கூலன்ட் ஊற்றிய ஒரு பையன் முதல் மாதம் தினமும் கண்ணாடியைத் துடைத்தான். பரீட்சை வந்தது, மறந்தான். பிளாக்கைத் திறந்தபோது செப்புப் பள்ளங்களெல்லாம் சேறு. ஆசை வாங்க வைக்கும். பொறுப்புதான் வைத்துக் காக்கும்.

4. சிக்கனமாக இரு, கஞ்சனாக இராதே. செம்பு பிளாக் இருக்கும் லூப்பில் அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தால் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். நம் போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாய்ப் படிவதைப் பார்த்திருப்பாய்; அதை லூப்பில் ஊற்றாதே. தயாராக வரும் கூலன்டை வாங்கு. இல்லையென்றால், டிஸ்டில்ட் வாட்டரில் அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்து கலந்து ஊற்று.

5. அவசரத்தை வாசலிலேயே விடு. மதர்போர்டுக்கும் கார்டுக்கும் கரன்ட் கொடுக்காமல், பம்பை மட்டும் ஒரு பகலும் இரவும் ஓட்டு. ஒவ்வொரு ஃபிட்டிங்கின் கீழும் டிஷ்யூ பேப்பர் வை. சொட்டு விழுந்தால் அது காட்டிக்கொடுக்கும். ஆப்பிள் 2004-ல் கொண்டுவந்த பவர் மேக் ஜி5 கம்ப்யூட்டர்களில் உச்ச மாடலில் லிக்விட் கூலிங் இருந்தது. அவற்றில் சில பின்னாளில் கசிந்து போர்டையே கெடுத்தன. ஃபேக்டரியில் பூட்டி வந்ததற்கே அந்த கதி என்றால், உன் கை முறுக்கிய ஃபிட்டிங்கை இரண்டு தரம் பார்ப்பதில் வெட்கம் என்ன?

6. பராமரிப்பு வேண்டாத பொருளுக்கும் ஆயுசு உண்டு. ஏ.ஐ.ஓ. டியூப் வழியே வருடக்கணக்கில் நீர் மெல்ல மெல்ல வெளியேறும், பம்பும் தேயும். பம்ப் இருக்கும் தலைப்பகுதி, ரேடியேட்டரின் மேல்நுனிக்குக் கீழே இருக்கும்படி மாட்டு. மேலே இருந்தால் காற்றுக் குமிழி பம்பில் சேர்ந்து களகளவென்று சத்தம் வரும். பில்லைப் பத்திரப்படுத்து. வாரன்டிக்கு அனுப்பினால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஒரு சின்ன ஏர் கூலர் பரணில் இருக்கட்டும்.

7. பிறர் பார்க்க வேண்டும் என்று கட்டாதே. நண்பர்கள் ஒருமுறை வியந்துவிட்டுப் போவார்கள். கூடவே இருக்கப்போகிறவன் நீ. கழற்றுவதும் மாட்டுவதும் உனக்கு இன்பமென்றால், கஸ்டம் லூப் நல்ல குரு. சப்தகிரி ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போ, ஃபிட்டிங்கைக் கையில் எடுத்துப் பார், நாலு கடையில் கேள். வளையும் டியூபில் கை பழகிய பிறகு ஹார்ட் டியூபுக்குப் போ.

என் தீர்ப்பைக் கேட்டால், முதல் மெஷினுக்கு ஏர் கூலரோ ஏ.ஐ.ஓ.வோ போதும். ஒரு கோடை முழுக்க ஓட்டு. பிராசசர் சூடு, கார்டு சூடு இரண்டையும் நோட்டில் எழுதிவை. எழுதுவதை நடுவில் விட்டுவிட்டால் கஸ்டம் லூப்பை மறந்துவிடு. விடாமல் எழுதினால் நோட்டோடு வா, சேர்ந்தே கட்டுவோம்.