கர்ப்பிணிகளும் பிறவிக் குறைகளும்

மார்சிலிங்கில் மளிகைக்கடை வைத்திருக்கும் நாம் வைத்தியரல்லோம். ஆயினும் குழந்தை ஊனமாய்ப் பிறந்தால் கிரகணத்தைக் காரணம் சொல்வதையும், மருமகள் கத்தரிக்கோல் பிடித்ததைக் காரணம் சொல்வதையும் கடையில் அடிக்கடி கேட்கிறோம். இது வீண் பழி. பிறவிக் குறைகளில் பலவற்றுக்கு இன்னது காரணமென்று வைத்தியர்களாலேயே கூற இயலுவதில்லை. தெரிந்த காரணங்களோ காய்ச்சலிலும், கொசுவிலும், புகையிலும் இருக்கின்றன.

ஜெர்மன் அம்மை எனப்படும் ருபெல்லாவைப் பாருங்கள். 1941-ல் சிட்னி நகரக் கண் வைத்தியர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மாரை விசாரித்தார். பெரும்பாலோர் கர்ப்பத் தொடக்கத்தில் இந்நோய் கண்டவர்கள். தாய்க்குச் சில நாள் தடிப்பு. சிசுவுக்கோ கண், காது, இருதயம் மூன்றுக்கும் கேடு. சிங்கப்பூரில் 1976-ல் தொடக்கப்பள்ளி முடிக்கும் மாணவிகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். கர்ப்பமான பின் இவ்வூசி போடலாகாது. ஆகவே கல்யாணப் பேச்சின்போதே, முக்கியமாய் ஊரிலிருந்து வரும் மணப்பெண்ணிடம், ஊசி போட்டாயிற்றா என்று விசாரிக்க வேண்டும். எத்தனை பவுன் என்று கேட்க மட்டும் நாம் மறப்பதில்லை!

2016 ஆகஸ்டில் அல்ஜூனியட் கிரசெண்ட் வட்டாரத்தில் ஸிக்கா தோன்றி, அவ்வாண்டில் 450 பேருக்கு மேல் பரவிற்று. பிரேசிலில் பல குழந்தைகள் தலை சிறுத்துப் பிறக்கக் காரணமான நோய் அதுவே. ஏடிஸ் கொசு மட்டுமன்றி, புருஷன் மூலமாகவும் மனைவிக்குத் தொற்றும். பூச்சட்டித் தட்டின் நீரைக் கொட்டுவது ஆண்கள் வேலையாகவும் இருக்கட்டும்.

ஃபோலிக் அமில மாத்திரை தினம் 400 மைக்ரோகிராம் போதும். ஆனால் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல், கருத்தரித்த நாலு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போது கர்ப்பமென்றே தெரியாது. ஆகையால் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். கீரையும் பருப்பும் நல்லவைதாம், மாத்திரைக்கு ஈடாகா. முன்பு இத்தகைய குழந்தை பெற்றவர்களுக்கும், சில வகை வலிப்பு மருந்து உண்பவர்களுக்கும் அளவு வேறுபடும், வைத்தியரைக் கேட்கவும்.

நீரிழிவுள்ள பெண்கள் கருத்தரிக்கும் முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருதல் அவசியம். இல்லையேல் சிசுவின் இருதயம் பாதிக்கப்படலாம். தாய் புகைத்தால் உதட்டுப் பிளவு நேரலாம். கணவர் வீட்டுக்குள் புகைத்தாலும் சிசுவின் எடை குறையும். கண்ணுக்கிடும் சுர்மாவிலும் சில வகை ஈயத்தால் ஆனவை. ஈயம் சிசுவின் மூளைக்குக் கேடு. இன்ன சரக்கென்று தெரியாத சுர்மாவையும், பெயர்ச்சீட்டில்லாத சூரணத்தையும் கர்ப்பிணிகள் தொட வேண்டாம்.