மோட்டார் இயக்கியின் உட்பழுதைக் கண்டறியும் முறை

மாறுதிசை மோட்டாரின் வேகத்தை வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் உதவும் கருவி மாறு அதிர்வெண் இயக்கி ஆகும். ஆலைகளில் பணிபுரிவோர் இதனை ‘டிரைவ்’ என்றே அழைப்பர். நூற்பாலை, நீரேற்று நிலையம், மின்தூக்கி எனப் பல இடங்களில் இது பயன்பட்டு வருகிறது. இது பழுதுற்றால் இதனால் இயங்கும் எந்திரமும் நின்றுவிடும். அவ்வேளையில் அவசரப்பட்டு உறுப்புகளை மாற்றிப் பார்ப்பதும், புதிதாகப் பொருத்திய உறுப்பு மறுநொடியே கருகிப்போவதும் உண்டு. பழுது வெளிப்படும் இடம் வேறு, அது பிறந்த இடம் வேறு என்பதை உணராமையே இதற்குக் காரணம். பட்ட வகுப்பில் நாம் பயிலும் டையோடு, மின்தேக்கி ஆகியவற்றின் பாடமே இப்பழுதை முறையாக அறியப் பெரிதும் துணை செய்யும் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயக்கியின் அமைப்பு

தூண்டல் மோட்டாரின் ஒத்தியங்கு வேகம், அதிர்வெண்ணை 120 ஆல் பெருக்கித் துருவங்களின் எண்ணிக்கையால் வகுக்கக் கிடைப்பது. நான்கு துருவ மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் நிமிடத்திற்கு 1500 சுற்றுகள்; 25 ஹெர்ட்ஸில் 750 சுற்றுகள். அதிர்வெண்ணைக் குறைக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தல் வேண்டும். இல்லையேல் மோட்டாரின் இரும்பு உள்ளகம் காந்தத் தெவிட்டு நிலையை அடைந்து சூடேறும்.

இப்பணிக்காக இயக்கியினுள் மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது, ஆறு டையோடுகளால் ஆன அலைதிருத்தி. 415 வோல்ட் மும்முனை மின்சாரம் இதனால் நேர்மின்னோட்டமாகிறது. இரண்டாவது, அதன் ஏற்ற இறக்கங்களைச் சமன் செய்யும் மின்தேக்கித் தொகுதி. இங்கு ஏறத்தாழ 560 வோல்ட் நிலவும். மூன்றாவது, அந்நேர்மின்னழுத்தத்தைத் துண்டு துண்டாக வெட்டி, வேண்டிய அதிர்வெண்ணில் மாறுமின்னழுத்தமாக்கும் ஆறு ஐ.ஜி.பி.டி. மின்விசைகள். ஐ.ஜி.பி.டி. உருவாக்கத்தில் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பெரும்பங்காற்றியவர், சென்னையில் பிறந்து அங்குள்ள ஐ.ஐ.டி.யில் பயின்ற பி. ஜெயந்த் பலிகா ஆவார். 2024-ஆம் ஆண்டு மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது.

முதலில் உயிர்க்காப்பு

மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் மின்தேக்கிகளில் மின்னேற்றம் எஞ்சியிருக்கும். 1000 மைக்ரோ ஃபாரட் மின்தேக்குதிறன் 560 வோல்ட்டில் சேமிக்கும் ஆற்றல் சுமார் 157 ஜூல். இது ஒரு கிலோகிராம் எடையுள்ள கல் 16 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். மனித உடல் வழியே இது பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து.

இம்மின்னேற்றத்தை வெளியேற்ற ஒரு மின்தடை இணைக்கப்பட்டிருக்கும். அதன் மதிப்பு 100 கிலோ ஓம் எனக் கொண்டால் கால மாறிலி 100 நொடி. ஐந்து கால மாறிலிகள், அதாவது எட்டு நிமிடத்திற்கு மேல் கழிந்தால் மின்னழுத்தம் 4 வோல்ட்டுக்கும் கீழே இறங்கும். ஆனால் அம்மின்தடையே அறுந்திருந்தால் எவ்வளவு நேரம் காத்திருந்தும் பயனில்லை. ஆகவே குறிப்பிட்ட நேரம் காத்திருந்தபின், நேர், எதிர் முனைகளுக்கிடையே மல்டிமீட்டரால் அளந்து, மின்னழுத்தம் இறங்கிவிட்டதை உறுதி செய்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும்.

பிழைக்குறி கூறுவது என்ன?

இயக்கியின் முகப்பில் ‘மிகை மின்னோட்டம்’ என்ற குறி தோன்றினால், மின்னோட்டம் மிகுந்ததாக உணரப்பட்டது என்பது மட்டுமே பொருள். குற்றவாளி மோட்டாராகவும் இருக்கலாம், கம்பியாகவும் இருக்கலாம், இயக்கியாகவும் இருக்கலாம். இதனைப் பிரித்தறிய, மின்னேற்றம் இறங்கியபின் மோட்டார் கம்பிகளைக் கழற்றிவிட்டு இயக்கியை மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். குறி மறைந்தால் பழுது வெளியே. நீடித்தால் பழுது உள்ளே.

மோட்டார் ஓடாத நிலையிலும் முகப்பு மின்னோட்டம் காட்டுமாயின் மின்னோட்ட உணரியை ஐயுற வேண்டும். பல இயக்கிகளில் இவ்வுணரி, 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவின் அடிப்படையில் இயங்குகிறது.

‘குறை மின்னழுத்தம்’ என்ற குறி, சுமை ஏறும்போது மட்டும் தோன்றுவதுண்டு. மின்னூட்டிய தொடக்கத்தில் வெறுமையான மின்தேக்கி குறுக்குச்சுற்றுப் போல் நடந்துகொள்ளும். அம்மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு மின்தடை உண்டு. மின்னேற்றம் நிறைந்ததும் ஒரு ரிலே அத்தடையை ஒதுக்கிவிடும். ரிலேயின் தொடுமுனை கருகியிருந்தால், சுமை மின்னோட்டம் முழுவதும் அத்தடை வழியே சென்று மின்னழுத்தம் சரியும். எனவே வழங்கு மின்சாரம் சீராக இருக்குமாயின் ரிலேயையும் சோதிக்க வேண்டும்.

வேகத்தைக் குறைக்கும்போது ‘மிகை மின்னழுத்தம்’ தோன்றினால், அது உட்பழுதாக இருக்க வேண்டியதில்லை. சுழலும் மோட்டார் மின்னாக்கியாக மாறி, ஆற்றலை மின்தேக்கிக்கே திருப்பி அனுப்புகிறது. வேகத்தைக் குறைக்கும் கால அளவை நீட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

மல்டிமீட்டர் சோதனை

மின்சாரம் துண்டிக்கப்பட்டு, உள்வரும், வெளிச்செல்லும் கம்பிகள் யாவும் கழற்றப்பட்ட நிலையில் மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்துச் செய்யப்படுவது இது.

1. சிவப்பு முனையை எதிர் முனையில் வைத்து, கறுப்பு முனையால் ஆர், எஸ், டி ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தொடுக. கீழ்வரிசை டையோடுகள் கடத்தும். மானி ஏறத்தாழ 0.3 முதல் 0.6 வோல்ட் காட்டும்.

2. கறுப்பு முனையை நேர் முனையில் வைத்து, சிவப்பு முனையால் அவற்றையே தொடுக. மேல்வரிசை டையோடுகளும் அவ்வாறே காட்டும்.

3. முனைகளை மாற்றி வைத்தால் எங்கும் கடத்தல் நிகழக் கூடாது.

4. இதே சோதனையை யு, வி, டபிள்யூ ஆகிய வெளியீட்டு முனைகளிலும் செய்க. ஐ.ஜி.பி.டி.க்கு இணையாக உள்ள டையோடு இங்குப் பதிலளிக்கும்.

இருபுறமும் சுழி காட்டினால் அவ்வுறுப்பு குறுக்குச்சுற்றாகிவிட்டது. இருபுறமும் கடத்தவில்லை எனில் டையோடு அறுந்துவிட்டது. தனி அளவைவிட மூன்று கட்டங்களின் ஒப்பீடே முக்கியம், இரண்டு 0.42 என்றும் மூன்றாவது 0.20 என்றும் காட்டினால் மூன்றாவது நம்பத்தக்கதன்று.

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. இயங்க மறுக்கும் ஐ.ஜி.பி.டி.யை இது காட்டிக் கொடுக்காது. அதற்கு மோட்டாரின்றி இயக்கி, மூன்று வெளியீட்டு இணைகளின் மின்னழுத்தங்களை ஒப்பிட வேண்டும். அவை சமமாக இல்லையெனில், ஒரு மின்விசையோ அதற்குக் கட்டளையிடும் சுற்றோ செயலற்றிருக்கிறது எனக் கொள்ளலாம்.

மற்றுமோர் எச்சரிக்கை: மோட்டாரின் காப்புத்தடையை மெக்கரால் அளக்கும்போது இயக்கியைக் கட்டாயம் பிரித்துவிட வேண்டும். மெக்கர் தரும் 500 வோல்ட் நல்ல இயக்கியையும் பாழாக்கக்கூடும்.

மூல காரணம்

உப்பிய மேற்புறம், கசிந்த திரவம் ஆகியவை மின்தேக்கியின் முதுமையைக் காட்டும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயரும்தோறும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் விதி. நூற்பாலையில் பறக்கும் பஞ்சு, குளிர்விக்கும் விசிறியை அடைத்து இம்முதுமையை விரைவுபடுத்துகிறது. வழங்கு மின்சாரத்தில் ஒரு கட்டம் அற்றுப்போனாலும், மின்தேக்கியில் நிலவும் 300 ஹெர்ட்ஸ் அலைவு 100 ஹெர்ட்ஸாகி வீச்சும் பெருகும். மின்தேக்கி மேலும் சூடேறும்.

ஐ.ஜி.பி.டி. வெடித்திருந்தால் அதன் வாயில் மின்தடைகளும் கட்டளைச் சுற்றும் உடன் சிதைந்திருக்கக்கூடும். அவற்றைச் சோதியாமல் புதியதைப் பொருத்துவது பொருளை வீணாக்குவதே. பழுது நீக்கியபின், வழங்கு கம்பியில் தகுந்த மின்விளக்கைத் தொடராக இணைத்து மின்னூட்டுவது நல்லது. விளக்கு பளிச்சிட்டு மங்கினால் மின்தேக்கி மின்னேற்றம் பெற்றது எனலாம். தொடர்ந்து ஒளிர்ந்தால் உள்ளே இன்னும் குறுக்குச்சுற்று உள்ளது.

முடிவுரை

காத்திருந்து அளத்தல், வெளிப்பழுதை உட்பழுதிலிருந்து பிரித்தல், உள்ளீட்டிலிருந்து வெளியீடு வரை வரிசையாகச் சோதித்தல், காரணத்தைக் களைந்தபின் உறுப்பை மாற்றுதல் ஆகிய நான்குமே இம்முறையின் சாரம். முதற்படி உயிரைக் காக்கும். ஏனையவை பொருளைக் காக்கும். ஆய்வுக்கூடத்தில் ஒரு டையோடின் சிறப்பியல்பு வளைகோட்டை வரையும் மாணவன், ஓர் ஆலையின் எந்திரத்தை மீண்டும் இயங்கச் செய்யும் அறிவின் முதற்பாடத்தையே பயில்கிறான்.