கல்லூரி புகும் பிள்ளைகளுக்கு

பௌத்த அன்பர்களே! தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய இடங்களிலிருந்து நம் பிள்ளைகள் பலர், தம் குடும்பத்தில் முதல்வராய்க் கல்லூரி வாயிலை மிதிக்கின்றனர். எங்கள் சந்திலிருந்து விடுதிக்குச் சென்ற ஒரு பிள்ளை இருபதாம் நாளே பெட்டியுடன் திரும்பினான். "காய்ச்சலில் கிடந்தேன்; நீர் தருவார் இல்லை" என்றான். அத்தகையோர் பொருட்டே இப்பாடம்.

அண்ணல் அம்பேத்கர் 1913-ஆம் ஆண்டு நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலில் தங்கிய விடுதியின் உணவு அவருக்கு ஒவ்வவில்லை. அவர் மாற்றியது விடுதியை, படிப்பையன்று. பின்னர் நவல் பதேனா என்னும் பார்சி மாணவருடன் தங்கினார். அந்நட்பு வாழ்நாளெல்லாம் நிலைத்தது. ஒவ்வாததை மாற்றத் தயங்கலாகாது, துணையின்றி இருத்தலுமாகாது.

"அண்ணல் இரவு பகலாய்ப் படித்தாரே, யாமும் உறங்கோம்" என்பீராயின், கேண்மின். இலண்டனில் அவர் அரைவயிறு உண்டது வறுமையாலன்றி விருப்பத்தாலன்று. சோணர் என்னும் பிக்கு, பாதங்களில் குருதி கசிய நடந்து பயின்றபோது, வீணையின் நரம்பை மிக முறுக்கினாலும் மிகத் தளர்த்தினாலும் இசை பிறவாது என்பதை நினைவூட்டிப் பகவான் அவரைத் திருத்தினார். மில்லில் தறி ஓட்டிய யான் இதனைக் கண்ணாரக் கண்டவன். பாவு இறுகினால் இழை அறும், தளர்ந்தால் சிக்கும்.

ஆதலின் நாள்தோறும் ஏழு மணி நேரமேனும் உறங்குக. காலை உணவைத் தவிர்க்கற்க. காய்ச்சிய நீரையே பருகுக. கல்லூரி திறப்பது மழைக்காலம். தேங்கிய நீரில் நடக்க நேர்ந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். நடந்தபின் மருத்துவரைக் கண்டு தடுப்பு மருந்து கேட்க. காய்ச்சல் கண்டால், நீரில் நடந்த செய்தியையும் அவரிடம் சொல்லுக. மனம் துவண்டால் மறையாது ஒருவரிடம் கூறுக. 2022-இல் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவிக்கு 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

வயிற்றுநோயால் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவானும் ஆனந்தரும் தம் கையால் நீராட்டிக் கட்டிலில் கிடத்தினர். தாய் தந்தையரை விட்டு வந்த நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிடில் வேறு யார் பேணுவார் என்று பகவான் சங்கத்தாரை வினவினார். விடுதி மாணவர்க்கும் அவ்வினா பொருந்தும். அடுத்த அறையின் கதவு ஒருநாள் முழுதும் திறவாதிருப்பின் தட்டிப் பாருங்கள்.

பெற்றோரே! தொலைபேசியில் மதிப்பெண்ணை வினவுமுன், "உண்டாயா, உறங்கினாயா?" என்று கேளுங்கள். திரும்பி வந்த அப்பிள்ளையை யானே உடன் சென்று மீண்டும் சேர்த்தேன். இன்று அவன் இரண்டாம் ஆண்டு பயில்கின்றான்.

மங்களம் உண்டாகுக.